காலத்தைச் செதுக்கிய மலையூர்

கைக்கடிகாரத்தின் முகத்தை நாள்தோறும் பன்முறை பார்க்கிறோம். அதன் முதுகுப்புற மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. கடைத்தெரு மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே அமர்ந்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவர் மட்டுமே அந்த உலகத்தை நன்கறிந்தவர். அவர் கண்ணுக்குத் தெரிவதை நம் கண்ணுக்கும் தெரியச் செய்வது ‘மேக்ரோ’ என்று வழங்கும் அண்மை நிழற்படக்கலை. சிற்றெறும்பின் தலையளவே உள்ள ஒரு திருகாணியை உள்ளங்கை அகலத்துக்கு விரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு.

அக்கலையில் சற்றே ஈடுபாடு கொண்ட நாம், கடிகாரங்களின் உட்புறத்தைப் படமெடுக்கத் தொடங்கிய நாள் முதலாக ஒரு கேள்வி நம்மை விடாது தொடர்ந்தது. மூடிக்குள் மறைந்து கிடக்கும் ஓர் எஃகுத் துண்டின் ஓரத்தை இத்துணை அழகாக இழைத்து மெருகேற்றியவர் யார்? எவரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவர் ஏன் அப்படிச் செய்தார்? இந்த வினாவுக்கு விடை தேடித்தான் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில் உள்ள லா ஷோ-த-ஃபோன் என்னும் ஊருக்குப் பயணமானோம்.

வெளிச்சத்துக்காக வகுக்கப்பட்ட நகரம்

நூஷாத்தெல் ஏரிக்கரையிலிருந்து ரயில் மலையேறுகிறது. வழியில் ஷாம்ப்ரலியான் என்ற சிறு நிலையத்தில் வண்டி நின்று, வந்த திசைக்கே திரும்பியதுபோல் பின்னோக்கிப் புறப்படுகிறது. செங்குத்தான சரிவை ஒரே மூச்சில் ஏற இயலாமையால் இருப்புப்பாதையை அவ்வாறு மடித்து அமைத்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்கள் கீழே மறைய, ஊசியிலை மரக்காடுகள் தொடங்குகின்றன. சுரங்க வழிகளைக் கடந்து வெளியே வரும்போது, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு நகரம் விரிந்து கிடக்கிறது.

சுவிட்சர்லாந்து என்றதும் நம் மனத்தில் எழும் பனிச்சிகரமோ, நீல ஏரியோ, மரவீடுகளோ இங்கில்லை. 1794 ஆம் ஆண்டு மே மாதம் மூண்ட பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. சாம்பலிலிருந்து மீண்டும் எழுப்பும்போது பழைய கோணல் சந்துகளை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. சார்ல்-ஆன்றி ஜூனோ என்பவர் 1835 இல் வகுத்த திட்டத்தின்படி, சதுரங்கப் பலகையின் கட்டங்களைப்போல் நேர்நேரான தெருக்கள் அமைந்தன. ஒரு வரிசை வீடுகள், அடுத்து ஒரு வரிசைத் தோட்டம், அப்பால் தெரு என்று சரிவில் படிப்படியாக ஏறும் அமைப்பு அது. ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டின் வெளிச்சத்தைக் கெடுக்கலாகாது என்பதே அத்திட்டத்தின் உட்பொருள்.

நகரின் நடுவே 1994 இல் எழுப்பப்பட்ட எஸ்பாசிதே கோபுரத்தின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் இது தெளிவாக விளங்கும். வரிசை வரிசையான கூரைகள், அவற்றின் கீழே நெருக்கமாக அமைந்த சன்னல்கள். மின்விளக்கு இல்லாத நாளில் கடிகாரத் தொழிலாளியின் முதற்கருவி பகலொளியே. சன்னலை ஒட்டி வேலைப்பலகை, பலகைமேல் குனிந்த தலை, கண்ணில் பூதக்கண்ணாடி. அந்த ஒரு மனிதனின் கைமேல் வெயில் விழ வேண்டும் என்பதற்காகவே ஒரு நகரம் முழுதும் வகுக்கப்பட்டது என்றால் அது மிகையன்று. நிழற்படக் கலைஞனும் வெளிச்சத்தைத் தேடி அலைபவனே. ஆதலால் இந்த ஊர் நமக்கு முதல் பார்வையிலேயே உறவாகிவிட்டது.

வீடே பட்டறை

ஜூராவின் குளிர்காலம் நீண்டது. பனி மூடிய மாதங்களில் மேய்ச்சலும் இல்லை, உழவும் இல்லை. அந்த ஓய்வுக்காலத்தில் மலைநாட்டுக் குடும்பங்கள் கடிகார உறுப்புகளைச் செய்யக் கற்றுக்கொண்டன. ஒருவர் பற்சக்கரம் அறுப்பார். மற்றொருவர் சுருள்வில் செய்வார். வேறொருவர் கூடு தட்டுவார். முகத்தட்டுக்கு எனாமல் பூசுவது இன்னொருவர் தொழில். எல்லாவற்றையும் ஒரு வணிகர் வாங்கிச் சேர்த்து முழுக் கடிகாரமாக்குவார். கார்ல் மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ நூலில் இந்த வேலைப் பங்கீட்டை எடுத்துக்காட்டி, இவ்வூர் முழுவதையுமே ஒரு தொழிற்சாலையாகக் கருதலாம் என்னும் கருத்தைக் குறித்திருக்கிறார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே 1887 இல் இங்கே பிறந்தவர். அவருடைய தந்தையார் கடிகார எனாமல் வேலை செய்தவர்; மகனும் முதலில் பயின்றது கடிகாரக் கூடுகளில் சித்திரம் செதுக்கும் தொழிலைத்தான்.

இத்தொழிலில் பெண்களின் பங்கு பெரிது. ‘ஹேர் ஸ்பிரிங்’ என்று நம் ஊர்க் கடைக்காரர்கள் சொல்லும் முடிபோன்ற சுருள்வில்லைப் பொருத்தி, கடிகாரம் முந்தாமலும் பிந்தாமலும் ஓடச் சரிசெய்யும் மிக நுட்பமான பணி, மரபாகவே பெண்களின் கையில் இருந்தது. வீட்டுச் சன்னலோரத்தில் பிள்ளைகளைக் கவனித்தபடியே அதைச் செய்தவர்கள் பலர்.

அந்த உழைப்பின் மற்றொரு பக்கம் துயரமானது. இருளில் ஒளிரும் எண்களுக்காக, ரேடியம் கலந்த வண்ணத்தை முகத்தட்டுகளில் தீட்டும் வேலையும் வீடுகளுக்கு வந்தது. 1963 வரை அது தொடர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து, இவ்வூரிலும் பியேன் நகரிலும் பழைய குடியிருப்புகளில் ரேடியத்தின் கதிரியக்க எச்சம் இருப்பது தெரியவந்து, 2015 முதல் அரசே வீடு வீடாகச் சோதித்துத் தூய்மை செய்ய வேண்டியதாயிற்று. அழகிய கடிகாரத்தின் பின்னே தம் உடல்நலத்தை அறியாமலே விலையாகக் கொடுத்த தாய்மார்களும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

நிலத்தடியில் ஓர் அருங்காட்சியகம்

1902 இல் தொடங்கிய கடிகாரத் தொகுப்பு ஒன்று, 1974 முதல் ‘பன்னாட்டுக் கடிகார அருங்காட்சியகம்’ என்ற பெயரில் பூமிக்கடியில் கட்டப்பட்ட மண்டபத்தில் வீற்றிருக்கிறது. மேலே பூங்கா, புல்வெளியில் எஃகுக் குழாய்களாலான மாபெரும் இசைமணி ஒன்று. கீழே இறங்கினால் நிழற்கடிகாரம் முதல் அணுக்கடிகாரம் வரை, மனிதன் காலத்தை அளக்க எடுத்த முயற்சிகளெல்லாம் கண்ணாடிப் பேழைகளில் காட்சி தருகின்றன. பழங்கடிகாரங்களைச் செப்பனிடும் பட்டறையும் அங்கேயே உண்டு. அங்கு நடக்கும் வேலையைப் பார்வையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று காணலாம்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். வேலை செய்பவரின் விரல்கள் அசைவது தெரிந்தது. அவர் எதைத் தொடுகிறார் என்பது தெரியவில்லை. அத்துணைச் சிறியது அது. சமநிலைச் சக்கரத்தின் அச்சுமுனை ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனே இருக்கும். அது சுழலும் குழி, செயற்கை மாணிக்கக் கல்லில் துளைக்கப்பட்டது. நம் வீட்டுப் பழைய கடிகாரங்களில் ‘17 ஜூவல்ஸ்’ என்று பொறித்திருப்பது இத்தகைய கற்களின் எண்ணிக்கையைத்தான். அவை அணிகலனுக்கான கற்கள் அல்ல. உராய்வைக் குறைத்துத் தேய்மானத்தைத் தடுக்க வைக்கப்பட்டவை. வெறுங்கண்ணுக்கு எட்டாத அந்த இடத்திற்குத்தான் மேக்ரோ லென்ஸ் நம்மை அழைத்துச் செல்கிறது.

லென்ஸின் கண்ணில்

எங்கள் வாப்பா பல்லாண்டு கட்டியிருந்த, சாவி கொடுக்கும் பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்றை உடன் கொண்டு சென்றிருந்தோம். அது எந்த மலைநாட்டில் பிறந்ததோ, அதே மலைநாட்டின் பகலொளியில் அதைப் படம்பிடிக்க வேண்டும் என்பது நம் ஆசை. விடுதி அறையின் சன்னலோரத்தில் மேசையை இழுத்துப் போட்டு, உரிய கருவியால் பின்மூடியை நெம்பித் திறந்து, முக்காலியில் கேமராவைப் பொருத்தினோம்.

மேக்ரோ என்றால் என்ன என்பதை இங்கே சுருங்கச் சொல்லிவிடலாம். பொருள் எந்த அளவோ அதே அளவில் அதன் பிம்பம் கேமராவினுள் விழுமானால் அது ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கம். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பரப்பில், ஒரு கைக்கடிகாரத்தின் உள்ளியக்கம் மட்டும் ஏறக்குறைய முழுதாக நிறைந்துவிடும். அதனினும் நெருங்கினால் ஒரு சக்கரம், ஒரு பல், ஒரு திருகாணித் தலை.

நெருங்க நெருங்க ஒரு தொல்லை வளர்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே, எட்டாம் எண் துவாரத்தில், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஐந்து மடங்கு பெருக்கத்திலோ அது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். திருகாணியின் தலை தெளிந்தால் அதன் கீழுள்ள தகடு மங்கும். தகடு தெளிந்தால் தலை மங்கும். துவாரத்தை மிகவும் சுருக்கினாலோ ஒளியலைகள் சிதறிப் படம் முழுதும் மென்மையாகிவிடும். ஆகவே, குவியத்தை இம்மியிம்மியாக நகர்த்தி முப்பது, ஐம்பது, சிலவேளை நூறு படங்கள் எடுத்து, அவற்றில் தெளிந்த பகுதிகளை மட்டும் கணினியில் அடுக்கி ஒரே படமாக்குகிறார்கள். அதுவரை கடிகாரம் அசையலாகாது. எனவே சாவி தீர்ந்து தானே நின்றுபோன கடிகாரமே அடுக்குப் படத்துக்கு உகந்தது.

அடுத்த தொல்லை வெளிச்சம். மெருகேறிய எஃகு ஒரு கண்ணாடி. சுற்றியுள்ள எதையும் தன்னில் காட்டிவிடும். விளக்கை நேரே காட்டினால் கண்கூசும் வெண்திட்டு. விலக்கினால் கரிய பள்ளம். சன்னலுக்கும் கடிகாரத்துக்கும் இடையே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தோம். அந்த மெல்லிய ஒளியில் அதுவரை மறைந்திருந்ததெல்லாம் மெல்ல வெளிவந்தது. தட்டின்மேல் உழுதாற்போன்ற நுண்வரிகள். சூட்டினால் நீலம் பாய்ந்த திருகாணிகள். எஃகைச் சுமார் 300 பாகை வரை சீராகச் சுடவைத்தால், வண்ணம் பூசாமலே அந்த மயில்கழுத்து நிறம் வந்தடையும். மாதுளை முத்துபோல் ஒளிரும் கற்கள். அவற்றோடு, முன்பு எப்போதோ பழுதுபார்த்தவரின் திருப்புளி வழுக்கிய ஒரு கீறலும் தெரிந்தது. லென்ஸ் அழகை மட்டும் காட்டுவதில்லை, அவசரத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

சாவி கொடுத்தபின் எடுத்த படங்கள் வேறு வகை. மணிக்கு 18,000 அசைவு, அதாவது நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000 முறை அந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடித் திரும்புகிறது. ஒவ்வொரு ஊசலின் கடைசியிலும் ஒரு கணம் அது அசையாது நிற்கும். அந்தக் கணத்தில் மூடி திறந்தால் ஆரங்கள் தெளிவாக வரும். பிசகினால் பனிமூட்டம் போன்ற ஒரு வட்டமே மிஞ்சும். பெரும்பாலும் நமக்குக் கிடைத்தது பனிமூட்டமே.

மறைந்த இடத்து அழகு

நம் வினாவுக்கு வருவோம். யாரும் பாராத இடத்தில் ஏன் இந்த மெருகு?

ஒரு காரணம் பயன். அறுத்த உலோகத்தின் ஓரத்தில் பிசிறு இருந்தால், என்றாவது அது உதிர்ந்து சக்கரப் பல்லில் சிக்கும். ஆகையால் ஓரங்களைச் சாய்வாக இழைத்தார்கள். அந்தச் சாய்வைப் பளபளப்பாக்கியது காலப்போக்கில் தொழிலின் தன்மானமாக வளர்ந்தது. இன்று எந்திரமும் ஓரம் சாய்க்கிறது. ஆனால் இரண்டு சாய்வுகள் உள்முகமாகக் கூடும் கூர்மூலையில் எந்திரம் தோற்றுவிடுகிறது. சுழலும் வெட்டுக்கருவி அங்கே வளைவைத்தான் விட்டுச்செல்லும். கூரிய உள்மூலை கையரத்தால் மட்டுமே வரும். அதை மெருகேற்ற இவர்கள் கையாளும் பொருள் ஒன்று வியப்பூட்டியது. ஜூராவின் மேய்ச்சல் நிலங்களில் மஞ்சள் பூப்பூக்கும் ஜென்ஷியன் என்ற செடியின் உலர்ந்த தண்டைச் சீவி, அதில் வைரப்பொடிக் குழம்பைத் தோய்த்துத் தேய்க்கிறார்கள். மாடு மேய்த்த மலையே கடிகாரத்துக்கும் கருவி தந்திருக்கிறது.

கடையில் வைத்து விற்கும்போது இந்த உள்மூலை வாங்குபவர் கண்ணில் படாது. உருப்பெருக்கிய படத்திலோ கைவேலை எது, எந்திர வேலை எது, வெறும் அச்சுப் பதித்த போலி வரி எது என்பது ஒளியாது. முன்பு சக தொழிலாளி ஒருவனின் பூதக்கண்ணாடி மட்டுமே அறிந்திருந்த நேர்மையை, இன்று நிழற்படம் எல்லார்க்கும் சாட்சியாக்குகிறது.

துருக்கிக்குச் சென்ற எண்கள்

இங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது லு லோக்கிள் என்னும் இரட்டை நகரம். சுவிஸ் கடிகாரங்களுக்கும் உஸ்மானியப் பேரரசுக்கும் நெடுநாள் வணிக உறவு இருந்தது. சிந்தனையாளர் ரூசோவின் தந்தையார், ஜெனீவாக் கடிகாரத் தொழிலாளி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் இஸ்தான்புல் சென்று பணிபுரிந்தவர். லு லோக்கிளில் 1865 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஜெனித் என்று பெயர்பெற்ற நிறுவனமும், ‘பில்லோத்’ என்ற பெயரில் துருக்கிச் சந்தைக்குச் சட்டைப்பைக் கடிகாரங்கள் செய்தனுப்பியது.

அக்கடிகாரங்களின் முகத்தில் ரோமானிய எண்கள் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவில் அறிந்துகொள்ளும் அரபி எண்களே உள்ளன. உஸ்மானிய வழக்கில் நாள் தொடங்குவது கதிரவன் மறைவில். அப்போது கடிகாரம் பன்னிரண்டைக் காட்ட வேண்டும். எனவே மாலைதோறும் முள்ளைத் திருத்தி வைப்பர். பனிமலைச் சன்னலோரத்தில் அமர்ந்து, தமக்கு வாசிக்கத் தெரியாத எண்களை எனாமலில் தீட்டிய கைகளை எண்ணிப் பாருங்கள். தொலைதூரத்தில் மஃரிப் வேளையில் அக்கடிகாரத்தைத் திருத்தப்போகும் ஒருவரை அவர்கள் கண்டதில்லை. ஆயினும் அவருக்காக அந்த வளைவைப் பிசகாமல் வரைந்தார்கள்.

பரண்மேல் காத்தவை

1969 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவும் துல்லியமும் ஒருங்கே பெற்ற மின்கலக் கடிகாரம் உலகை வென்றது. 1970 வாக்கில் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறு போட்ட சுவிஸ் கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுவில் சுமார் 30,000 பேராகச் சுருங்கியது. ஜூரா மலையூர்களில் சன்னலோரப் பலகைகள் வெறுமையாயின.

அந்த இருண்ட நாளில் லு லோக்கிளில் ஒரு நிகழ்ச்சி. ஜெனித் நிறுவனம் அப்போது அமெரிக்க உரிமையாளர் கையில் இருந்தது. சாவிக் கடிகாரக் காலம் முடிந்ததெனக் கருதிய அவர்கள், 1975 இல் அதன் அச்சுகளையும் கருவிகளையும் அகற்றிவிடக் கட்டளையிட்டார்கள். அவற்றுள் 1969 இல் வெளிவந்த ‘எல் பிரிமெரோ’ என்ற, நொடிக்குப் பத்து முறை அசையும் அரிய இயக்கத்தின் கருவிகளும் அடக்கம். சார்ல் வெர்மோ என்ற தொழில்நுட்பர் மனம் பொறுக்காது மேலிடத்துக்கு எழுதினார், பயனில்லை. பின்னர் அவர் தாமே அக்கருவிகளைச் சிறிது சிறிதாகப் பரணில் ஏற்றி, பெயர் குறித்து, எது எதற்கு என்பதையும் எழுதி வைத்து, மறைத்துக் காத்தார். நிலைமை மாறி 1984 இல் அந்த இயக்கம் மீண்டும் பிறந்தபோது, அவர் காத்த கருவிகளே உயிர் கொடுத்தன. 1988 முதல் ரோலக்ஸ் நிறுவனமும் தன் ‘டேடோனா’ கடிகாரத்துக்கு அதனை அடிப்படையாகக் கொண்டது.

யாரும் பாராத மூலையை மெருகேற்றிப் பழகிய ஊரில்தான் யாரும் அறியாமல் ஒரு தொழிலைக் காக்கும் மனமும் தோன்றியிருக்கிறது. இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்றே நமக்குப் பட்டது. லா ஷோ-த-ஃபோனையும் லு லோக்கிளையும் 2009 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயந்திரக் கடிகாரக் கைவினையும் 2020 இல் சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் பெயரால் மனிதகுல மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

வீட்டில் முயல்வோர்க்கு

இக்கலையைப் பழக சுவிட்சர்லாந்து செல்ல வேண்டியதில்லை. அலமாரியில் உறங்கும் பழைய சாவிக் கடிகாரம் ஒன்று போதும். மூடியைக் கத்தியால் நெம்பாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தூசு இதன் முதற்பகை. வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும், ரப்பர்க் குமிழ் ஊதியே நல்லது. நேர்வெயில் படாத சன்னலோரம், ஒரு வெள்ளைத்தாள், எதிர்ப்புறம் ஒரு கறுப்பட்டை, இவை போதுமான விளக்குகள். மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் கைப்பேசியின் லென்ஸ்முன் கடிகாரக் கடைப் பூதக்கண்ணாடியைப் பிடித்தே தொடங்கலாம். இருளில் ஒளிரும் எண்கள் கொண்ட மிகப் பழைய கடிகாரங்களை மட்டும் திறக்கவோ, முகத்தட்டைச் சுரண்டவோ வேண்டா. அவற்றின் ஒளி மங்கியிருந்தாலும் ரேடியம் மங்கியிராது.

படம் தெளிந்து வரும்போது பிள்ளைகளை அருகே அழைத்துக் காட்டுங்கள். பெயர் பொறிக்கப்படாத ஒரு கையின் வேலை அதில் தெரியும். பாராட்டுக்கு வழியில்லாத இடத்திலும் பிசிறில்லாமல் செய்யப்பட்ட வேலை அது. அதைச் சுட்டிக்காட்டினால் போதும். வேறு விளக்கம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படாது.